ஒரு தபால்காரரும் ஐந்து உலகப் பட்டங்களும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)



போன மாதம் செயலாளர் போன் செய்தார். "சார், நீங்க ஒரு இருபது நிமிஷம் பேசணும். சாதனை செய்த யாரையாவது பற்றிச் சொல்லுங்க, பசங்களுக்கு உபயோகமா இருக்கட்டும்" என்றார். எனக்குக் கொஞ்சம் பயம்தான். நான் 1974ல் பி.எஸ்ஸி. கணிதம் முடித்தவன். தபால் துறையில் கிளார்க்காகச் சேர்ந்து, அங்கேயே நாற்பது வருஷம் குப்பை கொட்டி, 2014ல் ரிடையர் ஆனவன். விஞ்ஞானிகளைப் பற்றியும் தொழிலதிபர்களைப் பற்றியும் பேச இந்த மேடையில் என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் எங்கள் இனத்து ஆள் ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன். அவர் ஒரு தபால்காரர். ஹாலந்து நாட்டுக்காரர். பெயர் ரேமண்ட் வான் பார்னவெல்ட். டார்ட்ஸ் விளையாட்டில் ஐந்து முறை உலகச் சாம்பியன்.

"டார்ட்ஸா? சுவரில் வட்டப் பலகை மாட்டி, சின்ன அம்பை எறிவார்களே, அதுவா?" என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. நானும் அப்படித்தான் சிரித்தேன்.

2016 கடைசியில் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் இருப்பது தி ஹேக் நகரத்தில். வெளியே நாலரை மணிக்கே இருட்டிவிடும். குளிரில் எங்கும் போக முடியாது. புத்தாண்டு அன்று பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு தட்டு நிறைய பலகாரம் கொண்டுவந்தார். ஒலிபோலன் என்று பெயர். நம்ம ஊர் இனிப்பு போண்டா மாதிரி இருக்கும், மேலே சர்க்கரைத் தூள். தட்டை வைத்தவர் திரும்பிப் போகவில்லை. எங்களோடு உட்கார்ந்து டி.வி.யைப் போடச் சொன்னார். லண்டனில் உலக டார்ட்ஸ் அரையிறுதிப் போட்டி. அரங்கம் முழுக்க ஆட்டம் பாட்டம், திருவிழாக் கூட்டம்.

மகள் சொன்னாள், "அப்பா, அந்தக் கண்ணாடி போட்டவர் இந்த ஊர்க்காரர். உங்களை மாதிரி போஸ்ட் ஆபீஸ்ல இருந்தவர்."

அவ்வளவுதான், நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அந்த ஆட்டத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். கணிதத் துறை மாணவர்கள் கொஞ்சம் கவனியுங்கள், இது உங்கள் சமாசாரம்.

விளையாட்டும் கணக்கும்

பலகைக்கும் ஆட்டக்காரருக்கும் இடையே 2.37 மீட்டர் தூரம். பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரம். ஒன்றிலிருந்து இருபது வரை எண்கள் வட்டமாக எழுதியிருக்கும். வரிசையாக இருக்காது. இருபதுக்கு ஒரு பக்கம் 1, மறுபக்கம் 5. அதாவது பெரிய எண்ணுக்குக் குறி வைத்துக் கை கொஞ்சம் விலகினால் சின்ன எண்ணில் விழும். பேராசைக்குப் பக்கத்திலேயே தண்டனை. ஒவ்வொரு எண்ணுக்கும் குறுகலான இரண்டு கட்டங்கள் உண்டு, அகலம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. ஒன்று இரண்டு மடங்கு தரும், மற்றது மூன்று மடங்கு தரும்.

ஒவ்வொருவரும் 501ல் ஆரம்பித்துக் கழித்துக்கொண்டே வர வேண்டும். ஒரு முறைக்கு மூன்று டார்ட். கடைசி டார்ட் இரண்டு மடங்குக் கட்டத்தில் விழுந்து, கணக்கு சரியாகப் பூஜ்யத்துக்கு வரவேண்டும். அதிகபட்சம் மூன்று டார்ட்டில் 180. ஒன்பதே டார்ட்டில் 501ஐ முடிக்கலாம். 180, மறுபடி 180, மிச்சம் 141. அதை மூன்று பத்தொன்பது, இரண்டு பன்னிரண்டு என்றெல்லாம் பிரித்து மூன்று டார்ட்டில் முடிக்க வேண்டும். இதை எறிகிற நேரத்துக்குள் மனசுக்குள் போட்டுவிடுவார்கள். கால்குலேட்டர் கிடையாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. முடிக்கிற நேரத்தில் பலரும் 32 மிச்சம் இருக்கும்படி கணக்கைக் கொண்டுவரப் பார்ப்பார்கள். ஏன்? 32 என்றால் இரண்டு பதினாறு வேண்டும். குறி தவறிச் சாதாரண பதினாறில் விழுந்தால் மிச்சம் 16, இரண்டு எட்டு எறியலாம். அதுவும் தவறினால் 8, பிறகு 4, பிறகு 2. தவறிக்கொண்டே போனாலும் பாதி பாதியாகக் குறைந்து, வழி அடைபடாமல் இருக்கும். 40 வைத்துக்கொண்டால் 20, 10 என்று வந்து, அடுத்து 5ல் மாட்டிக்கொள்ளும். ஒற்றைப்படை. அதைச் சரிசெய்ய ஒரு டார்ட்டை வீணாக்க வேண்டும். இரண்டின் அடுக்கு என்று பேராசிரியர் கரும்பலகையில் எழுதியபோது நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபத்திரண்டு வயதில் ஹாலந்தில் உட்கார்ந்து அது என்னவென்று புரிந்தது. குறி தப்பும் என்று ஒத்துக்கொண்டு, தப்பினாலும் வழி இருக்கும்படி நிற்பது. பார்னவெல்ட் வாழ்க்கையே இந்தக் கணக்கு மாதிரிதான் எனக்குத் தெரிகிறது.

ஏறுமுகம்

அவர் பிறந்தது 1967 ஏப்ரல் 20, தி ஹேக் நகரில். தபால்காரர் வேலை. நம்ம துறை ஆட்கள் இங்கே நாலைந்து பேர் இருக்கிறீர்கள். தபால்காரர் பிழைப்பு என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். எந்த நாடாக இருந்தாலும் விடிவதற்குள் எழுந்திருக்க வேண்டும், மழையோ பனியோ பீட்டை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

அந்தக் காலத்தில் டார்ட்ஸ் என்றால் இங்கிலாந்துதான். சாராயக் கடையில் பொழுதுபோக்காக ஆரம்பித்த ஆட்டம் என்பதால் ஹாலந்தில் பெரிய மரியாதையும் இல்லை. 1991ல் உலகப் போட்டிக்கு முதல் முறை போனார். முதல் சுற்றிலேயே தோல்வி. 1995ல் இறுதிப் போட்டி வரைக்கும் வந்தார். வேல்ஸ் நாட்டு ரிச்சி பர்னெட்டிடம் 6-3 என்று தோற்றார்.

மூன்று வருஷம் கழித்து, 1998ல், மறுபடி இறுதிப் போட்டி. எதிரே அதே ரிச்சி பர்னெட். ஐந்துக்கு ஐந்து செட் சமமாகி, கடைசி செட்டில் 6-5 என்று பார்னவெல்ட் ஜெயித்தார். ஹாலந்து நாட்டின் முதல் டார்ட்ஸ் உலகச் சாம்பியன். அடுத்த வருஷம் ரானி பாக்ஸ்டருடன் இறுதி ஆட்டம், மறுபடியும் 6-5. பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார், அதற்குப் பிறகு தெருவுக்கு நாலு வீட்டில் பலகை மாட்டிவிட்டார்களாம். நம்ம நாட்டில் 1983க்குப் பிறகு சந்துக்குச் சந்து பையன்கள் மட்டையைத் தூக்கிய மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சங்கடம். டார்ட்ஸ் உலகம் 1990களின் தொடக்கத்திலேயே இரண்டாகப் பிரிந்துவிட்டது. பழைய அமைப்பு பி.டி.ஓ. நம்ம பஞ்சாயத்து யூனியன் பி.டி.ஓ. இல்லை, இது பிரிட்டிஷ் டார்ட்ஸ் சங்கம். பெரிய ஆட்டக்காரர்கள் சிலர் அதிலிருந்து வெளியேறித் தனி அமைப்பு தொடங்கினார்கள், அது பி.டி.சி. ஆளுக்கொரு உலகச் சாம்பியன். பி.டி.சி. பக்கம் இருந்தவர் இங்கிலாந்தின் ஃபில் டெய்லர், இந்த விளையாட்டின் ராஜா.

இருவரில் யார் பெரியவர் என்று பார்க்க 1999ல் லண்டன் வெம்ப்ளியில் ஒரு மணி நேரப் போட்டி வைத்தார்கள். டெய்லர் 21-10 என்று அடித்துத் துவைத்துவிட்டார். இரண்டு முறை உலகச் சாம்பியன் ஆனவருக்கு எல்லார் எதிரிலும் இப்படி ஒரு தோல்வி. அவர் ஒன்றும் ஓடிப்போகவில்லை. 2003ல் ரிச்சி டேவிஸையும், 2005ல் மார்ட்டின் ஆடம்ஸையும் ஜெயித்து மூன்றாவது, நான்காவது பட்டம் வாங்கினார்.

2006 இறுதிப் போட்டியில் எதிரே நின்றவர் இருபத்தோரு வயதுப் பையன், யெல்லே கிளாசன். அவரும் ஹாலந்துக்காரர். பையன் 7-5 என்று ஜெயித்துவிட்டார். பார்னவெல்ட்டுக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. நாலு பட்டம் கையில் இருக்கிறது, பேரும் புகழும் இருக்கிறது. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? இருக்கிற இடத்தில் கௌரவமாக உட்கார்ந்திருப்போம். அவர் அடுத்த மாதமே பி.டி.சி.க்கு மாறினார். டெய்லர் இருக்கிற இடத்துக்கு. தன்னை 21-10 என்று தோற்கடித்த ஆளைத் தேடிக்கொண்டு போனார்.

2007 ஜனவரி முதல் தேதி

அங்கே போன முதல் உலகப் போட்டியிலேயே இறுதிக்கு வந்தார். 2007 ஜனவரி 1, இங்கிலாந்தில் பர்ஃப்ளீட் என்ற ஊர். எதிரே ஃபில் டெய்லர், அப்போதே பதின்மூன்று முறை உலகச் சாம்பியன். ஏழு செட் முதலில் எடுப்பவர் ஜெயித்தவர்.

டெய்லர் மூன்று செட்டை வரிசையாக எடுத்தார். 3-0. கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். பார்னவெல்ட் ஒன்று ஒன்றாகப் பிடித்துக்கொண்டு வந்து ஆறுக்கு ஆறு என்று கொண்டுவந்துவிட்டார். கடைசி செட்டில் இரண்டு ஆட்ட வித்தியாசம் வேண்டும். அதுவும் வராமல் ஐந்துக்கு ஐந்து என்று இழுத்துக்கொண்டு போனது. இனி ஒரே ஒரு ஆட்டம், ஜெயித்தவனுக்குப் பட்டம் என்று விதி. அந்த ஒரு ஆட்டத்தை பார்னவெல்ட் ஜெயித்தார். ஐந்தாவது உலகப் பட்டம். இந்த விளையாட்டின் மிகச் சிறந்த இறுதிப் போட்டி எது என்று கேட்டால் இன்றைக்கும் பலர் சொல்வது அதைத்தான்.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். 2009 உலகப் போட்டியின் கால் இறுதியில் ஒன்பதே டார்ட்டில் 501ஐ முடித்தார். பி.டி.சி. உலகப் போட்டியில் அதற்குமுன் யாரும் அதைச் செய்ததில்லை. எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? 2006ல் அவரைத் தோற்கடித்த அதே கிளாசன். இன்னொன்று, 2010ல் நாடுகளுக்கிடையே உலகக் கோப்பை முதன்முதலாக நடந்தது. நாட்டுக்கு இரண்டு பேர். ஹாலந்து ஜெயித்தது. பார்னவெல்ட்டுக்கு ஜோடி கோ ஸ்டாம்பே, அவர் முன்பு ஆம்ஸ்டர்டாமில் டிராம் ஓட்டியவர். ஒரு தபால்காரரும் ஒரு டிராம் டிரைவரும் சேர்ந்து நாட்டுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார்கள் சார்! எனக்கு இதைப் படித்தபோது மார்பு கொஞ்சம் அகலமானது உண்மை.

இறங்குமுகம்

இப்போது அந்தப் புத்தாண்டு ராத்திரிக்கு வருகிறேன். 2017 ஜனவரி 1. சரியாகப் பத்து வருஷம் கழித்து அதே தேதி. பார்னவெல்ட்டுக்கு நாற்பத்தொன்பது வயது. கூடவே சர்க்கரை வியாதி. அது என்ன பாடு படுத்தும் என்று இந்த ஹாலில் பாதிப் பேருக்குத் தெரியும். எதிரே மைக்கேல் வான் கெர்வன், அவரும் ஹாலந்து, வயது இருபத்தேழு. பார்னவெல்ட் முதல் உலகப் பட்டம் வாங்கியபோது எட்டு வயதுப் பையன்.

பார்னவெல்ட் அன்று பிரமாதமாக ஆடினார். மூன்று டார்ட்டுக்குச் சராசரி 109.34. அதாவது 501ஐச் சுமார் பதினாலு டார்ட்டில் முடிக்கிற வேகம். அப்படி ஆடினால் பெரும்பாலான வருஷங்களின் இறுதிப் போட்டியில் ஜெயித்திருக்கலாம். ஆனால் வான் கெர்வன் அன்று எடுத்த சராசரி 114.05. உலகப் போட்டியில் அதுவரை யாரும் தொடாத எண். முடிவு 6-2. பார்னவெல்ட் தோற்றார்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு எழுந்து நின்று டி.வி.யைப் பார்த்துக் கை தட்டினார். மகளிடம் ஏதோ சொன்னார். அவள் எனக்குச் சொன்னாள், "அவர் தப்பா ஆடித் தோற்கலைப்பா, நல்லா ஆடித்தான் தோற்றார். அதனாலதான் கை தட்டினேன்னு சொல்றார்."

நன்றாகப் படித்து, நன்றாக எழுதி, அப்படியும் கிடைக்காமல் போவது. மாணவர்களே, இது உங்களுக்கும் வரும். வராது என்று பொய் சொல்லி உங்களைச் சந்தோஷப்படுத்த நான் இங்கே வரவில்லை.

இதற்கு மேலும் உண்டு. 2018 நவம்பரில், இன்னும் ஒரு வருஷம் ஆடிவிட்டு ஓய்வு பெறுவேன் என்று அறிவித்தார். 2019 மார்ச்சில் சொந்த நாட்டில், ராட்டர்டாமில், சொந்த ஜனங்கள் முன்னால் அதே வான் கெர்வனிடம் 7-1 என்று தோற்றார். மனசு உடைந்து, இந்த நிமிஷத்தோடு விலகுகிறேன் என்று சொல்லிவிட்டார். மறுநாளே, அவசரப்பட்டுவிட்டேன், தொடர்கிறேன் என்று மாற்றிக்கொண்டார். அந்த டிசம்பரில் கடைசி உலகப் போட்டி என்று சொல்லி மேடை ஏறினார். முதல் சுற்றில் அமெரிக்காவின் டாரின் யங்கிடம் 3-1 என்று தோல்வி. ஐந்து முறை உலகச் சாம்பியன், முதல் சுற்றிலேயே வீட்டுக்கு. 1991ல் ஆரம்பித்த இடத்திலேயே வந்து நின்றார்.

இத்தோடு முடித்திருந்தால் நான் இன்றைக்கு இவரைப் பற்றிப் பேசியிருக்க மாட்டேன். 2020 செப்டம்பரில், திரும்பி வருகிறேன் என்றார். ஆனால் முறையாக விலகிவிட்டவருக்குப் பழைய இடத்தைத் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். தகுதிப் போட்டி எழுத வேண்டும். எழுத வேண்டும் என்று வாய் வந்துவிட்டது, பரீட்சை ஞாபகம். கியூ ஸ்கூல் என்று பெயர். நூற்றுக்கணக்கான பேர் வருவார்கள், நேற்று ஆட ஆரம்பித்த பையன்கள் உட்பட. 2021 பிப்ரவரியில், ஐம்பத்து மூன்று வயதில், அவர்களோடு வரிசையில் நின்று ஆடித் தகுதி பெற்றார். அதே மாதம் முடிவதற்குள் ஜோ கல்லனை இறுதியில் ஜெயித்து ஒரு போட்டியைக் கைப்பற்றினார். 2022ல் கிராண்ட் ஸ்லாம் போட்டியில் அரையிறுதி வரை வந்தார். வயது ஐம்பத்தைந்து.

ஆறாவது உலகப் பட்டம் வரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். திரும்பி வந்தவர் எல்லாவற்றையும் ஜெயித்தார் என்று முடிப்பது சினிமா. இவர் திரும்பி வந்து சிலவற்றை ஜெயித்தார், பலவற்றில் தோற்றார். இளையவர்கள் வருவதும் நிற்கவில்லை. அவரைத் தோற்கடித்த வான் கெர்வனையே 2025 ஜனவரியில் உலகப் போட்டி இறுதியில் லூக் லிட்லர் என்ற பதினேழு வயதுப் பையன் தோற்கடித்தான்.

என் கதை

கடைசியாக என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. இதை நான் வீட்டில்கூட அதிகம் சொன்னதில்லை.

நான் துறையில் சேர்ந்த பிறகு இன்ஸ்பெக்டர் பரீட்சை எழுதினேன். முதல் தடவை ஃபெயில். இரண்டாம் தடவை இன்னும் நன்றாகப் படித்தேன், சில மார்க்கில் போயிற்று. என்னோடு எழுதின ஜூனியர் பாஸ் செய்துவிட்டான். மூன்றாம் தடவைக்கு விண்ணப்பம் வாங்கி, பூர்த்தி செய்து, பீரோவில் வைத்தேன். கடைசித் தேதி வந்தது. ஆபீஸில் பேசுவார்களே, மறுபடி ஃபெயில் ஆனால் அந்தப் பையன் முகத்தில் எப்படி முழிப்பது என்று நினைத்தேன். விண்ணப்பம் பீரோவிலேயே இருந்துவிட்டது. யார் மீதும் எனக்குக் குறை இல்லை. துறை எனக்குச் சோறு போட்டது. கிளார்க் வேலையும் நல்ல வேலைதான். ஆனால் அந்தக் காகிதம் முப்பது வருஷம் கழித்து வீடு மாற்றும்போது கையில் அகப்பட்டது. மஞ்சளாகிப் போயிருந்தது. என் மனைவி, "என்னங்க இது?" என்று கேட்டாள். "பழைய பேப்பர்" என்று சொல்லிவிட்டேன்.

ஐந்து பட்டம் வாங்கியவர் ஐம்பத்து மூன்று வயதில் பையன்களோடு வரிசையில் நின்றார் என்று படித்தபோது எனக்கு அந்த மஞ்சள் காகிதம்தான் ஞாபகம் வந்தது. அவருக்கு வெட்கமாக இருந்திருக்காதா? இருந்திருக்கும். மார்ச்சில் விலகி, மறுநாள் மாற்றிக்கொண்டபோது ஊர் சிரித்திருக்காதா? சிரித்திருக்கும். அந்த வெட்கத்தோடேயே போய் நின்றார். நான் நிற்கவில்லை. எனக்கும் அவருக்கும் திறமையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், அது தெரியும். ஆனால் வரிசையில் போய் நிற்க அந்தத் திறமை வேண்டியதில்லையே.

இங்கே இரண்டு அரியர், மூன்று அரியர் வைத்திருக்கிற தம்பி தங்கைகள் இருப்பீர்கள். எங்கள் காலத்திலும் இருந்தார்கள், அவர்களில் சிலர் இப்போது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், பேர் சொல்ல மாட்டேன். உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பரீட்சைக்குப் பணம் கட்டக் கடைசித் தேதி எது என்று நாளைக்கு ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ் ஆவீர்களா என்பது பிறகு. ஃபாரத்தை மட்டும் பீரோவில் வைக்காதீர்கள்.